நாலாவது மானிட்டரில் மட்டும் சிக்னல் வராதபோது

கிராபிக்ஸ் கார்டில் மூன்றே போர்ட். நாலாவது 4கே மானிட்டரை மதர்போர்டு எச்டிஎம்ஐயில் செருகினால் சிக்னலே இல்லை. தனி கார்டு போட்டதும் பல மதர்போர்டுகள் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸை (ஐஜிபியு) தானாகவே அணைத்துவிடும். பயாஸில், அதாவது கணினி துவங்கும்போது திறக்கும் மதர்போர்டு செட்டிங்ஸில், ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’ என்பதை எனேபிள் செய்ததும் படம் வந்தது (பெயர் போர்டுக்குப் போர்டு மாறும்). இன்டெல் கோர் பிராசஸர் என்றால், மாடல் எண் ‘எஃப்’ என்று முடிகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். முடிந்தால் உள்ளே கிராபிக்ஸே கிடையாது.

படம் வந்தும் மவுஸ் இழுத்து இழுத்துத்தான் நகர்ந்தது. செட்டிங்ஸில் 30 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 30 முறைதான் படம் புதுப்பிக்கப்படும்) என்று காட்டியது. எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 4கே-க்கு அவ்வளவுதான். 60 வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தேவை. நல்லவேளை, போர்டில் டிஸ்ப்ளேபோர்ட்டும் இருந்தது. கேபிளை அதற்கு மாற்றியதும் சரியானது.

எச்டிஎம்ஐ போர்ட்டிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போக சாதாரண கன்வெர்ட்டர் கேபிள் உதவாது. சிக்னலையே மாற்றித்தரும் சிப் உள்ள ஆக்டிவ் அடாப்டர்தான் வேண்டும்.