'மனிதநேயம்' என்று எழுதும் முன்: போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படிப்பு முடிகிற பருவத்தில் கோவைப் பக்கத்துக் கல்லூரிகளில் இருந்து, விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பிள்ளைகளின் போர்ட்ஃபோலியோவை, அதாவது அவர்கள் எடுத்த படங்களின் தொகுப்பை, பார்த்துச் சொல்லப் புகைப்படக்காரனான என்னைக் கூப்பிடுவார்கள். இந்த முறை முப்பதுக்கும் மேல் ஃபைல்கள். எல்லாவற்றிலும் முதல் பக்கத் தலைப்பு ஒன்றுதான்: என் விழுமியங்களும் எனக்கு ஊக்கம் தந்த கலைஞர்களும். பாதிப் பேர் 'மனிதநேயம்' என்று எழுதியிருந்தார்கள், மீதியில் பெரும்பாலோர் 'இயற்கை'. படிக்கப் படிக்க எரிச்சல் வந்தது. பிள்ளைகள் மேல் அல்ல. இருபது வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய பக்கத்தையே முப்பது காப்பி எடுத்து அடுக்கியதுபோல் இருந்தது.

எழுத்துப்பிழை, இணையத்தில் இருந்து அள்ளிப் போட்ட வரிகள், இதையெல்லாம் உங்கள் ஆசிரியரே பிடித்துவிடுவார். அதை விட்டுவிடுகிறேன்.

பெயர் தெரியும், படம் தெரியாது

ஒரு பையன் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான் பெயரை எழுதியிருந்தான். "அவர் எடுத்ததில் எந்தப் படம் தம்பி?" என்று கேட்டேன். கை ஃபோனுக்குப் போனது.

பிரெஸ்ஸான் முதலில் படித்தது ஓவியம். சின்ன லைக்கா கேமரா, பெரும்பாலும் 50 எம்எம் லென்ஸ் ஒன்று, அதோடு காத்திருப்பார். எடுத்த பிறகு படத்தின் ஓரத்தை வெட்டுவது அவருக்குப் பிடிக்காது. 1970களில் கேமராவை ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் வரையப் போனவர். நம் பையன் அந்தியூர் குதிரைச் சந்தையில் ஒரே குதிரையை விசையை அழுத்திப் பிடித்தபடி இருநூறு ஃப்ரேம் எடுத்து, அதில் ஒன்றைக் கால்வாசியாக வெட்டி வைத்திருந்தான். அப்படி எடுப்பது தப்பில்லை, குதிரை ஓடினால் நானும் அப்படித்தான் எடுப்பேன். ஆனால் அதற்குப் பிரெஸ்ஸானைச் சாட்சிக்கு இழுக்கக்கூடாது.

கொள்கையை முதலில் எழுதிவிட்டு, ஆளை அதற்கேற்ப வளைப்பது

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

2003இல் நான் மாணவன். பிரேசில் புகைப்படக் கலைஞர் சல்காடோவின் தொழிலாளர் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. உடனே என் பக்கத்தை எழுதிவிட்டேன்: 'நலிந்தவர்களின் குரலாக இருப்பதே என் விழுமியம்.' படம் ஒன்றுகூட எடுப்பதற்கு முன்பே எழுதியது. அப்புறம் அந்த வரிக்கு ஏற்ற முகத்தைத் தேடிக் காங்கேயம் பக்கம் பஸ் ஏறினேன்.

ஒரு தேங்காய்ப் பருப்புக் களம். காலை ஒன்பது மணி வெயில். ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஓர் அம்மா, சேலைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை, தலையில் நைந்த துண்டு, குனிந்து பருப்பைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். தூசி எழும்பி வெளிச்சத்தில் நின்றது. எட்டு ஃப்ரேம் எடுத்தேன். மொத்தம் இருபது நிமிடம் அங்கே இருந்திருப்பேன். பேர் கேட்கவில்லை.

கறுப்பு வெள்ளையில் பெரிதாக பிரிண்ட் போட்டு, கீழே 'கூலியின் முகம்' என்று எழுதினேன். பரிசு கிடைத்தது, மூவாயிரம் ரூபாய். அதைப் பார்த்த ஒரு கம்பெனி தன் காலண்டருக்குக் கேட்டது. கொடுத்தேன், வாசகத்தோடு.

தை மாதம் ஒரு ஃபோன். "ஏனுங்க தம்பி, என்ற அம்மா யாரு களத்துலீங்க கூலிக்குப் போனாங்க? அந்தக் களமே எங்களுதுங்க."

பதினோரு ஏக்கர் தென்னந்தோப்பு, சொந்தக் களம். அன்றைக்கு வேலைக்கு ஆள் வரவில்லை என்று தோட்டத்துக்காரம்மாவே இறங்கிக் கிளறியிருக்கிறார். ஆள் வந்திருந்தாலும் சேர்ந்து கிளறியிருப்பார். இந்த ஊர்க்காரன் நான், எனக்கு அது தெரியாமல் போகுமா? என் பெரியம்மாவே அப்படித்தான். ஆனால் அன்று என் கண் களத்தைப் பார்க்கவில்லை, நான் ஏற்கெனவே எழுதிவைத்த வரியைப் பார்த்தது. அந்தக் காலண்டர் அவர்கள் பருப்பு போடுகிற எண்ணெய் மில்லிலேயே தொங்கியிருக்கிறது. மீதிக் காலண்டரை எல்லாம் திருப்பி எடுத்து, அந்தப் பக்கத்தை மாற்றி அச்சடித்த செலவில் பாதி என் தலையில் விழுந்தது. பதினாலாயிரம். பரிசுப் பணம் போக மீதியை அப்பா கட்டினார்.

நேரில் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மோர் கொடுத்தார். "பேரக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனே கண்ணு" என்றார்.

இந்தக் கதையைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள், 'முதலாளியைக் கூலி என்று எழுதிவிட்டார்' என்று. எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். அவர் நிஜமாகவே கூலிக்கு வந்தவராக இருந்திருந்தாலும் நான் செய்தது அதே தப்புதான். அப்போது ஃபோன் வந்திருக்காது, நான் பரிசோடு நிம்மதியாக இருந்திருப்பேன், அவ்வளவே.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டாரதியா லாங்கே விஷயத்தைப் பாருங்கள். 1936இல் கலிஃபோர்னியாவில் நிப்போமோ என்ற இடத்துத் தொழிலாளர் முகாமில் அவர் எடுத்த 'இடம்பெயர்ந்த தாய்' (Migrant Mother) படம் தெரியாத மாணவர் இல்லை. அந்தப் பெண்ணின் பெயரை அவர் கேட்கவில்லை. காரின் டயரை விற்றுத்தான் சாப்பிட்டார்கள் என்று லாங்கே எழுதினார். விற்பதற்கு எங்களிடம் ஏது டயர் என்று பின்னாளில் அந்தக் குடும்பம் மறுத்தது. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் வெளியே தெரியவந்தது 1978இல், நாற்பத்திரண்டு வருடம் கழித்து. அவர் செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடி இனத்துப் பெண் என்பதும் பின்னாளில்தான் தெரிந்தது. அந்தப் படத்தால்தானே முகாமுக்கு உணவு வந்தது என்று ஒரு மாணவி மடக்கினாள். வந்தது, உண்மைதான். அது வந்து சேர்வதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டது என்பதும் உண்மைதான். லாங்கே பெரிய கலைஞர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் பெயரை உங்கள் பக்கத்தில் போடுவதானால் இதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? படங்களை எல்லாம் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தாளில் எழுதுங்கள்: இவர் பேர் என்ன, என்ன பேசினேன், எவ்வளவு நேரம் இருந்தேன், பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்தேனா. அதற்கப்புறம் விழுமியம் எது என்று பாருங்கள். 2003இல் நான் இப்படிச் செய்திருந்தால், எட்டு ஃப்ரேமுக்கு ஒரு கேள்விகூட இல்லை என்பது தெரிந்திருக்கும். 'எனக்குத் தூசியில் விழும் வெயில் பிடிக்கும்' என்றுதான் எழுதியிருப்பேன். அப்படி எழுதுவதில் ஒரு குறையும் இல்லை. வெயிலை மட்டும் காதலித்து வாழ்நாள் முழுக்கப் படம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

கறுப்பு வெள்ளை ஒரு கொள்கை அல்ல

அது ஒரு பட்டன்.

ஏழு கலைஞர்களைப் பட்டியல் போடுவது

இரண்டு போதும்.

வீட்டில் இருக்கும் உழைப்பைத் தாண்டிப் போவது

திருப்பூர்ப் பெண் ஒருத்தி. விழுமியம் 'உழைப்பு'. படங்கள் பொள்ளாச்சிச் சந்தையில் எடுத்தவை, எல்லாமே தூரத்தில் இருந்து, பெரிய லென்ஸில். அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டேன். பனியன் கம்பெனியில் செக்கிங், பல நாள் ஒன்றரை ஷிஃப்ட். ஊக்கம் தந்தவர் என்று அவள் எழுதியிருந்தது லூயிஸ் ஹைனை. அவர் எடுத்ததோ பஞ்சாலையில் வேலை செய்த குழந்தைகளை!

ஹைன் நியூயார்க்கில் ஆசிரியராக இருந்தவர். 1908இல் இருந்து குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக் குழுவுக்காக ஆலை ஆலையாகப் போனார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பைபிள் விற்பவர், அஞ்சலட்டை விற்பவர் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு நுழைவார். தன் கோட்டுப் பொத்தான்கள் தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்று அவருக்குத் தெரியும். குழந்தை எந்தப் பொத்தான் வரை வருகிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்கிட்டு, பெயர், வயதோடு பாக்கெட்டுக்குள்ளேயே நோட்டில் குறித்துக்கொள்வார். ஹைனிடம் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நோட்டு. அந்தப் பெண்ணுக்கு அம்மாவின் ஷிஃப்ட் நேரம், சம்பளம், எந்த விரல் வலிக்கும் என்பதுவரை தெரியும். அதை விட்டுவிட்டுப் பொள்ளாச்சிக்கு எதற்கு?

உள்ளூர் ஆளைச் சொல்லக் கூச்சப்படுவது

கோபிப் பக்கத்தில் இருந்து வந்த இன்னொருத்தி, பிரபலங்களைப் படம் எடுக்கும் அமெரிக்கக் கலைஞர் ஆனி லீபோவிட்ஸ் பெயரை எழுதியிருந்தாள். பேச்சுவாக்கில்தான் பெரியப்பா ஸ்டுடியோ வைத்திருக்கிறார் என்று வந்தது. "அவர் சும்மா கல்யாண ஃபோட்டோதான் சார்" என்றாள். கல்யாணத்தில் என்ன எடுப்பார் என்று கிளறினேன். கொங்குக் கல்யாணச் சடங்கை நடத்தும் பெரியவரான அருமைக்காரர் சீர் செய்வதைப் படம் எடுக்காமல் விடமாட்டார். மங்கல வாழ்த்து பாடுகிறவருக்குத் தனியாக ஒரு ஃப்ரேம் கட்டாயம் உண்டு, பெண் வீட்டார் வேண்டாமென்று சொன்னாலும் ஆல்பத்தில் அதை வைத்துத்தான் கொடுப்பார். ஒருமுறை அதனால் பாக்கிப் பணம் வராமலே போயிருக்கிறது.

இதைவிட என்னம்மா விழுமியம் வேண்டும், திருத்தி எழுதிக் கொண்டுவா என்றேன். மறுநாள் கொண்டுவந்தாள். லீபோவிட்ஸை நீக்கவில்லை. பெரியப்பாவுக்குக் கீழே இரண்டாவதாக வைத்திருந்தாள்.