மருந்து போட்டும் தெள்ளு போகவில்லையா? தரையைப் பாருங்கள்

எங்கள் வீட்டில் ஒரு நாய், ஒரு பூனை. நாய் மணிக்கு ஒன்பது வயது, பூனை சிட்டுவுக்கு நான்கு. சிட்டுவின் வால் தொடங்குகிற இடத்தில் முடி கொட்டி, தோல் பொருக்குத் தட்டிப்போயிருந்ததைப் பார்த்த பிறகுதான் தெள்ளுப்பூச்சி வந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அடுத்த ஒரு மாதம் இருவரையும் மாற்றி மாற்றிக் குளிப்பாட்டினேன். வேறு எதுவும் செய்யவில்லை. குளித்த அன்று சொறியாமல் தூங்குவார்கள், மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். நான் உடம்பில் தேடிக்கொண்டிருந்தேன்; தெள்ளின் குடும்பம் முழுக்கத் தரையில் இருந்தது. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் சிட்டு அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டாள்.

முதலில், வந்திருப்பது தெள்ளுதானா என்று பாருங்கள். உண்ணியையும் தெள்ளையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். உண்ணி தோலைக் கவ்விக்கொண்டு ஒரே இடத்தில் இருக்கும், ரத்தம் குடிக்கக் குடிக்க உப்பும். தெள்ளு நிற்காது. எள்ளைவிடச் சின்னது, செம்பழுப்பு நிறம். இரண்டு பக்கமும் அழுத்தியதுபோல உடம்பு தட்டையாக இருப்பதால் முடிக்குள் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். அதனால் பூச்சியைத் தேடுவதைவிட அதன் எச்சத்தைத் தேடுவது சுலபம்.

ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் பூனையையோ நாயையோ நிறுத்துங்கள். பல் நெருக்கமான பேன்சீப்பு எடுத்து வாலடி, கழுத்து, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் தோலில் படும்படி வாருங்கள். தாளில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புத் துகள்கள் விழும். சாதாரண மண்ணாகவும் இருக்கலாம். ஈரப் பஞ்சால் அந்தத் துகளை ஒற்றிவிட்டு அரை நிமிடம் பொறுங்கள். மண் என்றால் மண்ணாகவே இருக்கும். தெள்ளின் எச்சம் என்றால் துகளைச் சுற்றித் துருப்பிடித்த மாதிரி செம்பழுப்பு வளையம் பரவும். அது செரித்தும் செரிக்காமலும் வெளியே வந்த, உங்கள் பிள்ளையின் ரத்தம். சிட்டுவின் தாளில் பத்துப் பன்னிரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து விரிந்ததைப் பார்த்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

சீப்பில் பூச்சி மாட்டினால் நகத்தால் நசுக்கப் பார்க்காதீர்கள், ஓடு கெட்டியானது, துள்ளிப் போய்விடும். பக்கத்தில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொண்டு சீப்போடு முக்குங்கள். வெறும் தண்ணீரில் மிதந்து தப்பிக்கும். சோப்பு கலந்தால் மூழ்கிவிடும்.

இனி தரைக்கு வருவோம். பெண் தெள்ளு ரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கும், ஒரு நாளில் 40, 50 வரைகூட இடும். பேனின் ஈர்போல அது முடியில் ஒட்டாது. வழவழவென்று இருப்பதால் பிராணி படுக்கிற, நடக்கிற, உதறுகிற இடமெல்லாம் உதிரும். பொரிந்து வருகிற புழு வெளிச்சத்துக்குப் பயந்து சோபாவுக்கு அடியிலும் விரிப்பின் நூலுக்குள்ளும் தரை இடுக்கிலும் புகுந்துகொண்டு, உதிர்ந்த அந்த ரத்த எச்சத்தைத் தின்றே வளரும். பிறகு பட்டுநூல் மாதிரி பிசுபிசுப்பான கூடு கட்டும். அதில் தூசி ஒட்டிக்கொள்வதால் பார்த்தால் தூசி உருண்டையாகத்தான் தெரியும். 100 தெள்ளு உள்ள வீட்டில் ஏறக்குறைய 5 மட்டுமே வளர்ந்த பூச்சி, மீதியெல்லாம் முட்டை, புழு, கூடு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு மாதக் குளியல் ஏன் வீணானது என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

ஆகவே, பிராணியையும் வீட்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். வீட்டில் எத்தனை நாய், பூனை இருந்தாலும் அத்தனைக்கும் அன்றே மருந்து. சொறியாத ஒன்றை விட்டுவிட்டால் தெள்ளுக்கு அதுதான் புகலிடம்.

எந்த மருந்து என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். எடைக்கும் வயதுக்கும் ஏற்ப அளவு மாறும். பின்கழுத்தில் விடும் சொட்டு மருந்து என்றால் நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கி, தோலில் படும்படி விட வேண்டும். முடிமேல் வழிந்தால் பாதி வீண். போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்ட வேண்டாம். மாத்திரை என்றால், உங்கள் பிராணிக்கு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். தெள்ளு மாத்திரைகளில் சில வலிப்பு உள்ளவற்றுக்கு ஆகாது.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். நாய் மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. நாய்க்கென்று விற்கும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் தாங்கும், பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து, உயிரே போய்விடும். மணிக்குப் போட்டது போக மீதி இருந்த சொட்டுடன் நான் சிட்டுவின் பின்கழுத்து முடியை விலக்கிவிட்டேன். "கொஞ்சமாகத்தானே" என்ற நினைப்பு. அட்டையைத் திருப்பியபோது பூனைப் படத்தின் மேல் குறுக்குக் கோடு இருந்தது. அந்தக் கோட்டைப் பார்க்காமல் இருந்திருந்தால் என்று நினைத்தாலே இப்போதும் கை சில்லிட்டுப் போகிறது. தவறிப் பட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு உடனே கழுவி மருத்துவரிடம் ஓடுங்கள். நடுக்கம் தொடங்கிவிட்டிருந்தால் கழுவக்கூட நிற்காமல் ஓடுங்கள். நாய்க்கு அந்த வகை மருந்து போட்டிருந்தால் பூனை அதனோடு ஒட்டிப் படுப்பதையும் நக்குவதையும் சில நாள் தடுக்க வேண்டும். முயல் வளர்ப்பவர்களுக்கு: நாய், பூனைச் சொட்டு மருந்துகள் சிலவற்றில் இருக்கும் ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம்.

பூண்டு கொடுப்பது, தேயிலைமர எண்ணெய் தடவுவது, படுக்கையில் பாச்சை உருண்டை போடுவது எல்லாம் என்னிடமும் சொன்னார்கள். மூன்றுமே நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு.

வீட்டைச் சுத்தம் செய்யும்போது அவர்கள் படுக்கிற இடங்களிலிருந்து தொடங்குங்கள். படுக்கைத் துணியை அப்படியே இழுத்துத் தூக்காதீர்கள், முட்டை வழியெல்லாம் சிந்தும். நான்கு மூலையையும் உள்ளே மடித்துப் பொட்டலமாக எடுத்துப்போய், 60 டிகிரி சூட்டுத் தண்ணீரில் துவையுங்கள். வாரம் ஒருமுறையாவது இது வேண்டும். பிறகு வேக்குவம் கிளீனர். முதல் இரண்டு வாரம் தினமும். நடுக்கூடத்தைவிட முக்கியமானவை சோபா மெத்தைகளின் இடைவெளி, கட்டிலடி, சுவரும் தரையும் சேரும் ஓரம், காரின் பின்னிருக்கை. எங்கள் வீட்டில் அதிகம் கிடைத்தது அலமாரிக்குப் பின்னால் சிட்டு மதியம் ஒளிந்து தூங்கும் ஒரு முழ இடத்தில். உறிஞ்சியதை உடனே பையில் கட்டி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள், இயந்திரத்துக்குள்ளேயே பொரிந்துவிடும். வேக்குவம் இல்லாதவர்கள் விரிப்புகளை வெளியே எடுத்து உதறி, தரையிடுக்கை ஈரத்துணியால் அழுத்தித் துடையுங்கள்.

தெள்ளு அதிகமாக இருந்தால் வீட்டுக்கு அடிக்கும் ஸ்பிரே தேவைப்படும். மெத்தோப்ரீன் அல்லது பைரிப்ராக்சிஃபென் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இவை முட்டையும் புழுவும் வளர்ந்த பூச்சியாகாமல் தடுப்பவை. வளர்ந்ததை மட்டும் கொல்லும் ஸ்பிரேயால் பயன் சில நாள்தான். அடித்த இடம் நன்றாகக் காயும்வரை பிராணிகளும் குழந்தைகளும் அங்கே வரக்கூடாது. மீன்தொட்டி இருந்தால் வேறு அறைக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் நன்றாக மூடிக் காற்றுப் பம்பை நிறுத்திவிடுங்கள். இந்த ஸ்பிரேக்களில் பல மீனைக் கொல்லும். தோட்டத்தில் வெயில் காயும் இடத்தில் புழு பிழைக்காது. நாய் படுக்கிற நிழலான ஈர மண்ணைப் பார்த்தால் போதும்.

மூன்றாம் வாரத்தில்தான் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். நானும் தளர்ந்தேன். மருந்து போட்டாயிற்று, வீட்டைத் தேய்த்தாயிற்று, ஒரு காலை என் வெள்ளைக் காலுறையில் நான்கு தெள்ளு. அவை பழையவை அல்ல, கூட்டிலிருந்து புதிதாக வந்தவை. கூட்டுக்குள் எந்த ஸ்பிரேயும் சரியாகப் போகாது. உள்ளே இருப்பது மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக்காற்று இவை பட்டால் வெளியே வரும். பயந்துபோய் மணியையும் சிட்டுவையும் ஒரே அறையில் பூட்டி வைத்தேன், அது தவறு. மருந்து போட்ட பிராணி வழக்கம்போல வீடெங்கும் நடந்தால்தான் புதிதாக வந்த தெள்ளு அதன்மேல் ஏறி, முட்டையிடும் முன்பே சாகும். நான்கைந்து வாரம், சில வீடுகளில் எட்டு வாரம்வரைகூட, ஒன்றிரண்டு கண்ணில் படும். குறைந்துகொண்டே வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மருந்தைத் தேதி தவறாமல் குறைந்தது மூன்று மாதம் தொடருங்கள்.

குட்டிகள் இருக்கிற வீட்டில் இவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. சின்ன உடம்பில் நிறையத் தெள்ளு இருந்தால் ரத்தசோகையிலேயே குட்டி செத்துப்போகும். ஈறு வெளுத்திருந்தால், துவண்டு கிடந்தால் அன்றே மருத்துவர். பல மருந்துகள் சில வாரக் குட்டிகளுக்கு ஆகாது, அதுவரை பேன்சீப்புதான் துணை. பெரியவற்றின் பின்புறத்திலோ படுக்கையிலோ அரிசிமணி போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. தெள்ளைக் கடித்து விழுங்குவதால் வருவது, அதற்குத் தனி மருந்து உண்டு.

வெளியூர் போய்ப் பல வாரம் கழித்து வீட்டைத் திறக்கிறீர்கள் என்றால், பிராணிகளின் மருந்துத் தேதி தாண்டவில்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே விடுங்கள். ஆளில்லாத வீட்டில் காத்திருந்த கூடுகளெல்லாம் முதல் காலடியிலேயே திறக்கும். வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு, வேக்குவத்தோடு நீங்கள் முதலில் போங்கள்.