குரல் முன்னால் வர நான் செய்தது

எனக்குப் பாட்டில் முதலில் வேண்டியது குரல். வீட்டு ஸ்பீக்கரிலோ பேஸ் (தாழ்ந்த ஒலி) பொங்கி வழிந்து, பாடகர் மூச்சு இழுப்பதும் சொல்லின் கடைசி எழுத்தும் அதற்குள் அமுங்கிப் போயின. புது டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஒலிக்கான மின்சைகையாக மாற்றும் கருவி) வாங்கு என்றார்கள். அதற்கு முன் ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து வைத்துப் பார்த்தேன், ஏனென்றால் மூலையில் இருந்தால் சுவர்களும் தரையும் சேர்ந்து தாழ்ந்த ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. மீதிக்கு, தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 200 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் குறைத்தேன், குரல் தெளிந்து முன்னால் வந்து நின்றது. டிஏசி வாங்கவே இல்லை.

இரவில் கேட்க 300 ஓம் (மின்தடை அதிகமான) ஹெட்போன் ஒன்று பிடித்திருந்தது, ஆனால் போனில் செருகினால் சத்தம் போதவில்லை. சின்ன ஆம்ப்ளிஃபயர் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது சத்தத்தை ஒரே அளவில் வையுங்கள். இது ரொம்ப முக்கியம், கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதையே காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும். சிடியைவிட நுணுக்கமாகப் பதிவான ஹை-ரெஸ் கோப்புகளுக்காகத் தவிக்க வேண்டாம் என்பது என் கருத்து. சிடி நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிகிறது; அந்த 44.1 கிலோஹெர்ட்ஸில் பாதி வரையிலான ஒலியைத் திரும்பத் தர முடியும் என்பதால், அதுவே மனிதக் காதின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸ் வரை முழுதாகத் தந்துவிடும். அந்தப் பணத்தை ஸ்பீக்கரிலோ ஹெட்போனிலோ போடுங்கள், வித்தியாசம் அதிகம் தெரிவது அங்கேதான். வாங்கப் போகும்போது வரிவரியாக மனப்பாடமான நாலு பாட்டை எடுத்துப்போய்ப் போட்டுக் கேளுங்கள், கடைக்காரர்கள் வைத்திருக்கும் டெமோ பாட்டு வேண்டாம்.