‘ஸ்கிரிப்ட் எரர்’ என்று மட்டும் வந்தபோது

எங்கள் பில்லிங் ஆப்பில் சில பயனர்களுக்கு ‘சேமி’ பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. பிழைகளைப் பிடித்து சர்வருக்கு அனுப்ப ‘விண்டோ.ஆன்எரர்’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதியைப் போட்டிருந்தோம். அதில் வந்ததெல்லாம் ‘ஸ்கிரிப்ட் எரர்.’ என்பது மட்டும்தான். வரி எண் 0, கோப்பின் பெயர் காலி, பிழை எந்த வழியாக வந்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸும் இல்லை.

எங்கள் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் வேறு டொமைனில், ஒரு சிடிஎன்னில் (கோப்புகளை வேகமாகத் தரும் சர்வர் வலையமைப்பு) இருந்தன. அப்படி வரும் ஸ்கிரிப்டில் பிழை நேர்ந்தால், பிரவுசர் விவரத்தை நம் நிரலுக்குத் தராது. பிழைச் செய்தி வழியாக இன்னொரு தளத்தின் தகவல் கசிந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. நியாயமானதுதான். பிரவுசரின் டெவலப்பர் கருவியான கன்சோலில் முழுச் செய்தியும் தெரியும். ஆனால் பயனரின் கன்சோலை நாம் எங்கே போய்ப் பார்ப்பது?

தீர்வு இரண்டு இடத்தில். வேறு தளமும் இந்தக் கோப்பைப் படிக்கலாம் என்று சொல்லும் ‘ஆக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின்’ ஹெடரை சிடிஎன் கோப்போடு அனுப்ப வேண்டும். ஸ்கிரிப்ட் டேகில், அந்த அனுமதியைச் சரிபார்த்து ஏற்றச் சொல்லும் ‘கிராஸ்ஆரிஜின்’ பண்பை ‘அனானிமஸ்’ என்று சேர்க்க வேண்டும். இந்த வரிசை ரொம்ப முக்கியம். ஹெடர் இல்லாமல் பண்பை மட்டும் சேர்த்தால் ஸ்கிரிப்டே ஓடாது, ஆப் மொத்தமும் படுத்துவிடும். அதனால் முதலில் ஹெடர், பிறகு ஹெடர் இல்லாத பழைய நகல்கள் போக சிடிஎன் கேஷைக் காலி செய்தேன், அப்புறம்தான் டேகைத் தொட்டேன்.

பிராமிஸுக்குள் (பின்னால் முடியும் வேலையைக் குறிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பொருள்) கவனிக்காமல் விட்ட பிழைகள் ஆன்எரருக்கு வரவே வராது. அவற்றுக்கு ‘அன்ஹேண்டில்டுரிஜெக்ஷன்’ நிகழ்வைத் தனியாகக் கேட்க வேண்டும். அதையும் கையோடு சேர்த்தேன்.

அடுத்து வந்த பதிவிலேயே உண்மையான பெயர் தெரிந்தது: ‘கோட்டாஎக்ஸீடட்எரர்’, அதாவது இட வரம்பு தாண்டிவிட்டது. பழைய வரைவு பில்கள் சேர்ந்து சேர்ந்து பிரவுசருக்குள் தரவைச் சேமிக்கும் லோக்கல் ஸ்டோரேஜ் நிரம்பியிருந்தது. அவற்றை அழிக்க ஏற்பாடு செய்ததும் ‘சேமி’ வேலை செய்தது.