பசங்களோட உக்காந்து சிறுகதை படிக்கிறது எப்படி (நீதி கேக்காம)

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க மொட்டை மாடியில பன்னெண்டுலேர்ந்து பதினஞ்சு வயசு வரைக்கும் உள்ள பசங்கள உக்கார வெச்சு கதை படிச்சு, அத வெச்சு நட்பு, நம்பிக்கை, அடையாளம் பத்தியெல்லாம் பேசுறோம், நாலு வருஷமாச்சு. எப்படி பண்றீங்கன்னு கேக்குறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் போன்ல சொல்லி சொல்லி தொண்டை வறண்டு போச்சு, அதான் எழுதியே வெச்சிடலாம்னு.

மொதல்ல ஒண்ணு. கதை முடிஞ்சதும் "இதுலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க"ன்னு கேக்காதீங்க. மொத ஆறு மாசம் நான் அதத்தான் கேட்டேன். பசங்க உடனே ஸ்கூல் குரலுக்கு மாறி "உண்மையான நட்பே சிறந்தது அக்கா"ன்னு ஒப்பிச்சிட்டு முறுக்கு தட்டுக்கு கைய நீட்டுவாங்க. உன் ஃப்ரெண்டப் பத்தி சொல்லுன்னா எந்தப் பிள்ளையும் வாயத் திறக்காது. ஆனா கதையில வர்ற ஒரு பையனுக்கு ஒரு டைரி கிடைக்கலன்னா அதுக்காக ஒரு மணி நேரம் சண்டை போடும், போடும்போதே தன் கதையையும் உளறிடும். இந்த ஒரு விஷயத்த பிடிச்சுக்கிட்டா போதும், மத்ததெல்லாம் அட்ஜஸ்ட்மெண்ட்தான்.

ஆள் எட்டு பேருக்கு மேல வேண்டாம். எட்டுக்கு மேல போனா ரெண்டு பேர் பேசுவாங்க, மீதி பேர் ஃபோன் எங்கன்னு தேடுவாங்க. ஃபோன் எல்லாம் ஒரு கூடையில, உங்க ஃபோனும் சேத்து. கதைய பிரிண்ட் எடுத்து குடுக்காதீங்க, சத்தமா படிங்க. தமிழ் தடுமாறுற பசங்க நிறைய இருக்காங்க, இங்கிலீஷ் மீடியம். பேப்பர கையில குடுத்தா அவமானமா ஃபீல் பண்ணி அடுத்த வாரம் வயித்து வலின்னு நின்னுடுவாங்க, காதால கேக்குறப்போ அந்த தொல்லை இல்ல.

கதைக்கு நான் ஆரம்பிக்கிறது எப்பவும் கு. அழகிரிசாமிதான், அவரோட "அன்பளிப்பு". இதே தலைப்புல வந்த தொகுப்புக்குத்தான் 1970ல சாகித்ய அகாடமி விருது கிடைச்சது, அதே வருஷம்தான் அவர் காலமானார். கதையில ஒருத்தர் தெருப் பசங்களுக்கெல்லாம் செல்ல மாமா மாதிரி, புக் கொண்டு வந்து குடுப்பார். புது வருஷ டைரி ரெண்டு குழந்தைங்களுக்கு குடுப்பார். சாரங்கன்னு ஒரு பையன், அவனுக்கு இல்ல. கெட்ட எண்ணம்லாம் ஒண்ணும் கிடையாது, அவருக்கு அது தோணவே இல்ல, அவ்ளோதான். பின்னாடி சாரங்கன் அவர தன் வீட்டுக்கு கெஞ்சி கூட்டிட்டுப் போய் டிபன் குடுத்து, ஒரு டைரிய நீட்டி, அன்பளிப்புன்னு எழுதிக் குடுங்கன்னு கேக்குறான். எழுத வேண்டிய வரியக் கூட அவனே சொல்றான்.

நீளமான கதை, ரெண்டு வாரமா பிரிச்சிடுங்க. சாரங்கன் வீட்டு வாசல் வந்ததும் நிறுத்திடுங்க, முடிவு அடுத்த வாரம். அந்த இடத்துல ஒரே ஒரு கேள்வி: அவன் எதுக்கு இவர வீட்டுக்கு கூப்பிட்டிருப்பான்? ஒரு வாரம் முழுக்க வாட்ஸ்அப்ல பதில் வந்துட்டே இருக்கும். முடிவு படிச்சப்புறம் உடனே பேசாதீங்க, கொஞ்ச நேரம் சும்மா இருங்க. ஒரு தடவை யாருமே பேசல, நானே பயந்துபோய் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள மூலையில இருந்த பொண்ணு "அந்த மாமா நல்லவர்தானே அக்கா, அப்புறம் ஏன் எனக்கு அவர் மேல கோவம் வருது"ன்னா. நம்பிக்கையப் பத்தி அதுக்கு மேல நான் என்ன கேள்வி கேக்குறது.

அடுத்தது கி. ராஜநாராயணனோட "கதவு". சின்னது, ஒரே உக்காரல்ல முடியும். ஏழை வீட்டு குழந்தைங்க வீட்டுக் கதவையே பஸ்ஸா ஆக்கி ஆடி ஆடி விளையாடுவாங்க, அதுல தீப்பெட்டி படம் ஒட்டுவாங்க. தீர்வை, அதாவது நிலவரி, பாக்கின்னு ஊர் தலையாரி வந்து கதவ கழட்டிட்டுப் போயிடுவார். கதை வறுமையப் பத்திதான், ஆனா பசங்க பிடிச்சுக்கிறது வேற, கதவு இல்லாத வீட்டுக்கு ஃப்ரெண்ட கூப்பிடுவியா மாட்டியான்னு. எங்க குரூப்ல அது நேரா பாத்ரூம் இல்லாத வீடு, ஒத்த ரூம் வீடுன்னு போச்சு. யாரையும் துருவாதீங்க, தானா வந்தா வரட்டும். ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், அந்தக் கதையில கைக்குழந்தை ஒண்ணு செத்துப்போகும். வீட்ல சமீபத்துல யாராவது இறந்திருக்கிற பிள்ளை இருந்தா அந்த வாரம் வேற கதை எடுங்க.

இந்த ரெண்டு பேரும் ஒரே ஊர்க்காரங்க, கோவில்பட்டி பக்கம் இடைசெவல், சின்ன வயசுலேர்ந்தே சிநேகிதம். அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதின கடிதங்கள் தனி புத்தகமாவே வந்திருக்கு. இதச் சொன்னா பசங்களுக்கு ஒரே ஆச்சரியம், "எழுத்தாளருக்கு பெஸ்ட் ஃப்ரெண்ட் இருப்பாங்களா"ன்னு கேட்டான் ஒருத்தன், என்னமோ அவங்க எல்லாம் தாடியோடவே பிறந்த மாதிரி.

அடையாளம்ங்கிற விஷயத்துக்கு வருவோம். நான் யாருன்னு கட்டுரை எழுதச் சொன்னா வேஸ்ட், "என் பெயர், என் பொழுதுபோக்கு"ன்னு வரும். அதுக்கு பதிலா உன்ன யார் யார் எப்படி கூப்பிடுறாங்கன்னு லிஸ்ட் போடச் சொல்லுங்க. ஆத்தா கூப்பிடுறது, ஸ்கூல் ரெஜிஸ்டர்ல இருக்கிறது, டியூஷன்ல வெச்ச பட்டப்பேரு, கேம்ல வெச்ச பேரு. இதுல எந்தப் பேருக்கு திரும்பிப் பாக்க பிடிக்கல? அதுலேர்ந்து ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க. அழகிரிசாமியோட "ராஜா வந்திருக்கிறார்" இதுக்கு பொருத்தம். கதையில வர்ற பசங்க எங்க வீட்ல அது இருக்கு, உங்க வீட்ல இருக்கான்னு போட்டி போடுவாங்க, அப்புறம் உடம்பெல்லாம் சிரங்கோட வர்ற அநாதைப் பையனுக்கு பேரு ராஜா. தீபாவளி சமயத்துல படிங்க, அந்த நேரத்துல எல்லார் வாயிலயும் புது டிரஸ் பேச்சுதான் ஓடும்.

நம்ம ஊர்ல அடையாளம்னா சாதி வராம இருக்காது. 2023ல நாங்குநேரியில கூடப் படிக்கிற பசங்களே வீட்டுக்குள்ள புகுந்து ஒரு மாணவனையும் தங்கச்சியையும் வெட்டினாங்க, அதுக்கப்புறம் அரசாங்கம் போட்ட நீதிபதி சந்துரு கமிட்டி 2024ல ரிப்போர்ட் குடுத்துச்சு, ஸ்கூல்ல சாதிய காட்டுற கலர் கயிறு, மோதிரத்துக்கெல்லாம் தடை போடணும்னு அதுல இருந்துச்சு. உங்க குரூப்ல ஒருத்தன் கையில கயிறு இருந்தா எல்லார் முன்னாடியும் கழட்டச் சொல்லாதீங்க, நான் அப்படி ஒரு தப்பு பண்ணேன், அவன் அப்புறம் வரவே இல்ல. இப்பல்லாம் உக்கார்ற இடத்த மட்டும் வாராவாரம் மாத்துறேன், சீட்டு எடுத்து ஜோடி போட்டு ரெண்டு பேரும் சேந்து ஒரு கேரக்டருக்கு பேசணும், ஒரே தட்டுல பலகாரம். கதையில அவங்க யாரு பக்கம்னு தெரிஞ்சுக்கிட்டே வர்றப்போ நிஜத்துல யாரு எந்தத் தெருன்னு கேக்குறது குறையுது, முழுசா போகுதுன்னு சொல்ல மாட்டேன்.

முக்கியமான விஷயம் இன்னும் ஒண்ணு. எனக்கு வேணாம், அடுத்த ஆளுன்னு தாண்டிப் போற உரிமை எல்லாருக்கும் உண்டுன்னு மொத நாளே சொல்லிடுங்க. மாடியில பேசினது மாடியோட. ஆனா நீங்க எந்தப் பிள்ளைக்கும் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணாதீங்க. அடி, தொந்தரவு, தப்பான தொடுதல் மாதிரி ஏதாவது ஒரு குழந்தை சொல்லிட்டா அத நீங்க மட்டும் வெச்சுக்க முடியாது, குழந்தைங்களுக்கான உதவி எண் 1098க்கு கூப்பிடணும், 24 மணி நேரமும் ஃப்ரீ. உனக்கு ஆபத்துன்னா மட்டும் நான் உதவி கேப்பேன்னு முன்கூட்டியே சொல்லி வெச்சா பிள்ளைங்க அத ஏத்துக்குறாங்க, பின்னாடி திடீர்னு பண்ணாதான் துரோகம்னு தோணும்.

எழுத வைக்கிறப்போ நட்புங்கிற வார்த்தைக்கு தடை போடுங்க. நம்பிக்கை, பாசம், துரோகம் எதுவும் கூடாது, ஒரு பொருள் மட்டும் இருக்கணும், அது ஒருத்தர் கையிலேர்ந்து இன்னொருத்தர் கைக்குப் போகணும். ஒரு பக்கம் போதும், ஸ்பெல்லிங் பாக்காதீங்க. மொத தடவை முணுமுணுப்பாங்க, அப்புறம் வரும். போன மாசம் ஒரு ஒன்பதாவது பையன் எழுதினது: பரீட்சை அன்னிக்கு பக்கத்து பையன்கிட்ட காம்பஸ் கடன் வாங்கினான், அன்னிக்கே ரெண்டு பேருக்கும் சண்டை, திருப்பிக் குடுக்கல. இப்ப அவன் வேற ஸ்கூல். காம்பஸ் இன்னும் இவன் பாக்ஸ்ல இருக்கு, அதால இவன் வட்டம் போடுறதில்லையாம், தங்கச்சியோடத வாங்கிப் போடுறானாம்.