கணவாய்க் காற்றும் சின்ன விமானமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார் என்று பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய நம் எல்லையோர ஊர்களிலிருந்தும் இப்போது பிள்ளைகள் பைலட் படிப்புக்குப் போகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அவர்களோடு பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு கவலை வரும். விமானத்தைக் கையாள்வதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள், இன்றைக்குக் கிளம்பலாமா வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பது என்பதைக் கேட்பவர்கள் குறைவு. சின்ன விமானங்களில் பெரிய தவறுகள் பெரும்பாலும் சக்கரம் தரையில் இருக்கும்போதே நடந்துவிடுகின்றன.

முதலில் மேகம். ஜூன், ஜூலையில் கோயம்புத்தூரில் வெயில் அடிக்கும், அதே நேரம் பாலக்காட்டில் மழை கொட்டும். கிழக்கே நின்று வானத்தைப் பார்த்துவிட்டு மேற்கே கிளம்புவது பெரிய தவறு. கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிப்படி, 10,000 அடிக்குக் கீழே 5 கிலோமீட்டராவது தெரிய வேண்டும், மேகத்திலிருந்து விலகியும் இருக்க வேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம்" என்று மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் காதுக்குள் இருக்கும் சமநிலை உணர்வு பொய் சொல்ல ஆரம்பிக்கும். விமானம் மெல்லச் சாய்ந்து சுற்றிக்கொண்டிருக்கும், உடம்போ நேராகப் போவதாகவே நம்பும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்து, நிஜ விமானத்தில் ஓட்டச் சொன்னார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 வினாடியில். மூன்று நிமிடம்கூட இல்லை! அதனால் எந்த இடத்தில் திரும்பிவிடுவோம் என்பதைக் கிளம்பும் முன்பே வரைபடத்தில் குறித்து வையுங்கள். அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை, தம்பி. போன் பண்ணிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

அடுத்தது காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தெற்கே ஆனைமலை, வடக்கே நீலகிரி, நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு, அதுதான் கணவாய்; அரபிக்கடலில் இருந்து வரும் தென்மேற்குக் காற்று அதன் வழியாக நெருக்கியடித்து வேகம் கூடி வருகிறது. உடுமலை, பல்லடம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான், தாழப் பறக்கிறவர்கள் அவற்றின் உயரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். காற்று மேற்கிலிருந்து வரும் நாளில் மலைக்குக் கிழக்குப் பக்கம் அது கீழ்நோக்கி இறங்கிச் சுழலும். மலைமுகட்டை நேர் எதிரே முட்டுவதுபோல் அணுகாமல் 45 டிகிரி சாய்வாக அணுகினால், விமானம் கீழே அழுத்தப்படும்போது சட்டென்று விலகித் திரும்ப வழி இருக்கும். காற்று பலமாக இருந்தால் முகட்டுக்கு மேலே 2,000 அடியாவது வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வழியில்லையென்றால் அன்றைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அப்புறம் வெயிலும் எடையும். கோயம்புத்தூர் ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 அடி உயரத்தில் இருக்கிறது. 38 டிகிரி வெயிலில் அங்கே விமானத்துக்குக் காற்று 4,000 அடிக்கு மேலே இருப்பதுபோல் மெலிந்துவிடும். ஓட்டம் நீளும், ஏற்றம் சோம்பும். செஸ்னா 172எஸ் என்ற சின்ன விமான ரகத்தின் உச்ச எடை சுமார் 1,157 கிலோ, வெறும் விமானமே ஏறத்தாழ 760 கிலோ. தொட்டியை நிரப்பினால் மிச்சம் சுமார் 250 கிலோதான். இருக்கை நான்கு இருக்கிறதே என்று நான்கு பெரியவர்களைப் பெட்டியோடு ஏற்றுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

எரிபொருளில் தண்ணீர் பார்ப்பதையும் சடங்காகச் செய்யாதீர்கள். மழைக்காலத்தில் ராத்திரி முழுக்க வெளியே நின்ற விமானத்தில் கண்ணாடிக் குழாயை வைத்துக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் குமிழாகத் தனியே நிற்கும். ஆனால் குழாய் முழுக்கத் தண்ணீராகவே வந்துவிட்டால் பிரிகிற கோடே தெரியாது, சுத்தமாக இருப்பதுபோலத்தான் தோன்றும். அதனால் வெள்ளை இறக்கைக்கு எதிரே பிடித்து நீலம் தெரிகிறதா என்று பாருங்கள், சின்ன விமானங்களுக்கான 100எல்எல் பெட்ரோலின் நிறம் அது. முகர்ந்தும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே விட்டுவிட்டு மறுபடி வடியுங்கள்.

கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள செஸ்னா 152, பழைய 172 ரகங்களில் இன்னொன்று: ஈரப்பதம் மிகுந்த நாளில் வெளியே 25 டிகிரி இருந்தாலும் இறங்கும்போது, எஞ்சின் வேகத்தைக் குறைத்ததும் கார்புரேட்டருக்கு உள்ளே பனி கட்டலாம். நம் ஊர் வெப்பத்தில் பனியா என்று நினைத்து கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் இழுப்புக் குமிழைத் தொடாமலே இறங்குகிறார்கள். சோதனைப் பட்டியலில் அது எந்த இடத்தில் வருகிறதோ அங்கே இழுத்துவிடுங்கள், எஞ்சின் சுற்று கொஞ்சம் குறையும், பயப்பட வேண்டாம்.