ஊர் ஸ்கூலுக்கு புது கட்டடமா? பிளான் போடுறதுக்கு முன்னாடி ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி வாங்குங்க

பள்ளி மேலாண்மைக் குழுவுல புதுசா வந்த அப்பா அம்மாக்கள் எங்கிட்ட அடிக்கடி கேக்குறது இதுதான், "கட்டடம் சாங்ஷன் ஆயிருச்சுண்ணே, இனி இஞ்சினியர் பாத்துக்குவாரு, எங்களுக்கு என்ன வேலை?" இஞ்சினியர் கம்பி, கான்கிரீட், எஸ்டிமேட் எல்லாம் பாத்துக்குவாரு, அதுல நாம மூக்கை நுழைக்க வேண்டாம். ஆனா ரீசஸ் பெல் அடிச்சா உங்க பிள்ளைங்க எந்தப் பக்கம் ஓடும், ஐப்பசி மழையில தண்ணி எங்க கட்டும், எந்த மரத்தடியில டீச்சர் உக்காந்து பாடம் நடத்துறாங்க, இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? நான் டிப்ளமோ சிவில் முடிச்சு கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் சைட் சூப்பர்வைசரா சுத்துற ஆளு. பாத்தவரைக்கும் சொல்றேன்.

ஸ்டெப் 1: ஒருநாள் முழுக்க ஸ்கூல்ல உக்காருங்க

காலையில கேட் தொறக்குறதுக்கு முன்னாடி போயி சாயங்காலம் பூட்டுற வரைக்கும் ஒரு நோட்டு வச்சு எழுதுங்க. தண்ணிக்கு எத்தனை பேர் வரிசையில நிக்குறாங்க, சாப்பிட்டு தட்டு எங்க கழுவுறாங்க, அந்தத் தண்ணி எங்க போகுது, பொம்பளப் பிள்ளைங்க பாத்ரூம் போறாங்களா இல்ல வீட்டுக்குப் போற வரைக்கும் அடக்கிட்டு இருக்காங்களா. கடைசி கேள்விய ஆம்பளைங்க கேட்டா பதில் வராது, குழுவுல இருக்குற அம்மாக்கள் கேக்கணும். கல்வி உரிமைச் சட்டம் 2009 படி குழுவுல முக்கால்வாசி பேர் பெற்றோரா இருக்கணும், பாதிப்பேர் பெண்களா இருக்கணும்னு இருக்குல்ல, அது கையெழுத்து வாங்க மட்டும் வச்சது இல்ல. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயார் பண்ற வேலையையும் அதே சட்டம் குழுகிட்டதான் குடுத்திருக்கு. அதனால இந்த நோட்டுல இருக்குறத தீர்மானமா போட்டு மினிட்ஸ்ல ஏத்திருங்க, வாயால சொன்னது எதுவும் எஸ்டிமேட்டுல வராது.

ஸ்டெப் 2: பழசு நிக்குமா, இடிக்கணுமா

முடிவு பொறியாளர்தான் சொல்லணும், நாம சொல்லக்கூடாது. ஆனா அவர் வந்து நிக்கிற அரை மணி நேரத்துல எதைக் காட்டணும்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும். சீலிங் பூச்சை ஒரு கம்பால தட்டிப் பாருங்க, டொக் டொக்னு பொள்ளலா சத்தம் வந்தா பூச்சு விட்டுப்போச்சுன்னு அர்த்தம். காரை பேந்து துருப்பிடிச்ச கம்பி வெளிய தெரிஞ்சா அந்த ரூமுல அன்னைக்கே பிள்ளைங்கள உக்கார வைக்காதீங்க. விரிசலுக்குக் குறுக்க பென்சில்ல ஒரு கோடு போட்டு, விரிசல் எங்க முடியுதோ அங்க தேதி எழுதி வைங்க, ரெண்டு மாசத்துல அது தாண்டிப் போச்சுன்னா விரிசல் இன்னும் ஓடிட்டு இருக்கு. பாத்ரூம் சுவரு, காம்பவுண்டு சுவரு ரெண்டையும் யாரும் பாக்க மாட்டாங்க, அதையும் காட்டுங்க. 2021 டிசம்பர்ல திருநெல்வேலியில ஒரு ஸ்கூல்ல பாத்ரூம் சுவரு விழுந்துதான் 3 பசங்க செத்துப்போனாங்க, வகுப்பறை விழுந்து இல்ல.

ஸ்டெப் 3: மண்ணு

எங்க பக்கம் கரிசல். மழைக்கு உப்பும், வெயிலுக்கு சுருங்கி கை நுழையிற அளவுக்குப் பொளக்கும். செம்மண்ணுல நிக்கிற அதே அஸ்திவாரத்த இங்க போட்டா மூணாவது வருசம் ஜன்னல் மூலையில இருந்து சாய்வா விரிசல் கிளம்பும். சாயில் டெஸ்ட், அதாவது மண் பரிசோதனை, எடுத்தாச்சான்னு ஒரு வார்த்தை கேளுங்க, அவ்வளவுதான் நம்ம வேலை.

ஸ்டெப் 4: சுண்ணாம்புப் பொடி, இதுதான் முக்கியமான ஸ்டெப்

பேப்பர்ல இருக்குற பிளான் நம்மள்ல பாதிப்பேருக்குப் புரியாது, எனக்கே படிக்கிற காலத்துல புரியல. அதனால கிரவுண்டுல 20க்கு 20 அடி நூல் பிடிச்சு சுண்ணாம்புப் பொடியால ஒரு வகுப்பறைய வரைங்க, கதவு எங்க, போர்டு எங்க, ஜன்னல் எங்கன்னு குறிங்க. 30 பிள்ளைங்கள பையோட உள்ள உக்கார வைங்க. ஆளுக்கு 13 சதுர அடிதான் வரும். டீச்சர நடுவுல நடக்கச் சொல்லுங்க, கடைசிப் பிள்ளைகிட்டப் போக முடியுதா? செருப்பு எங்க விடுவாங்க? இத பண்ணுன ஒவ்வொரு ஊர்லயும் பிளான்ல ஒண்ணாவது மாறிருக்கு, ஒரு ஊர்ல கதவே எதிர்ப்பக்கம் போச்சு, ஏன்னா வரைஞ்ச எடத்துல கதவு தொறந்தா நேரா அடிபம்பு வரிசைதான்.

உக்காந்திருக்கும்போதே ஜன்னல் உயரத்தையும் பாத்துருங்க. பழக்கத்துல 3 அடி உயரத்துலதான் ஜன்னல் வைப்பாங்க, பெரியவங்களுக்கு சரி, தரையில உக்கார்ற ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு காத்து பூராம் தலைக்கு மேல போயிரும். ரெண்டு, ரெண்டரை அடிக்கு இறக்கி கிரில் போடச் சொல்லுங்க. போர்டும் அப்படித்தான், சின்ன வகுப்புல பிள்ளை கையெட்டி எழுதணும். வெளிச்சம் இடது பக்கம் இருந்து வந்தா சோத்துக்கையால எழுதும்போது நிழல் நோட்டுல விழாது. போர்டு இருக்குற சுவத்துலயே ஜன்னல் வச்சா கண்ணு கூசி எழுத்தே தெரியாது, இத எத்தனையோ எடத்துல பாத்துட்டேன்.

ஸ்டெப் 5: வெயிலு, காத்து, சாரல்

கட்டடத்தோட நீளம் கிழக்கு மேற்கா ஓடணும், அப்பதான் ஜன்னல் வடக்கயும் தெக்கயும் பாக்கும். மேற்க பாத்து ஜன்னல் வச்சா மத்தியானத்துக்கு மேல அந்த ரூமு அடுப்பு. வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராதுன்னு வடநாட்டு ஆளுக எழுதுன புக்குல இருக்கும், நமக்கு அது பாதிதான் சரி, ஏப்ரல் கடைசியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் நம்ம ஊர்ல உச்சி சூரியன் தலைக்கு கொஞ்சம் வடக்காலதான் போகும். அதனால ரெண்டு பக்கமும் சன்ஷேட் வேணும். வடகிழக்குப் பருவமழை சாரல் கிழக்கு, வடக்குப் பக்கமாத்தான் அடிக்கும், வராண்டாவ அந்தப் பக்கம் திறந்து விட்டா ஐப்பசி கார்த்திகையில மதியச் சாப்பாடு சாப்பிட எடமில்ல. தகர ஷீட் கூரை மட்டும் வேண்டவே வேண்டாம், சூட்ட விடுங்க, மழை பெய்யும்போது டீச்சர் கத்துனாலும் ரெண்டாவது வரிசைக்குக் கேக்காது.

ஸ்டெப் 6: கிச்சனும் படியும்

கும்பகோணம் ஸ்கூல் தீவிபத்து, 2004 ஜூலை 16. 94 பிள்ளைங்க செத்துப்போனாங்க. கிச்சன்ல பிடிச்ச தீ கீத்துக் கூரையில ஏறுச்சு, இறங்குறதுக்கு குறுகலான படி. இந்த ஒண்ண மனசுல வச்சுட்டு பிளான பாருங்க, மத்ததெல்லாம் தானா வரும். கிச்சன் வகுப்பறையோட ஒட்டக்கூடாது, ஒரே கூரைக்கு அடியில வரவே கூடாது, சிலிண்டர் வெளிய தனிக் கூண்டுல இருக்கணும். இப்ப காலை உணவுத் திட்டமும் வந்துருச்சு, விடிஞ்சதுல இருந்து அடுப்பு எரியுது. எங்க பக்கம் ஆனி ஆடிக் காத்து மேக்க இருந்து வரும், கிச்சன கிழக்கால தள்ளி வச்சா புகை வகுப்புக்குள்ள வராது. உங்க ஊர்க் காத்து எப்படின்னு ஊர்ப் பெரியவங்களே சொல்லிருவாங்க.

மாடி இருந்தா படி அகலம் 5 அடிக்குக் குறையக்கூடாது, ஒவ்வொரு படியும் அரை அடி உயரம், மிதிக்கிற எடம் ஒரு அடி. படிக்கு அடியில பழைய பெஞ்சு போட்டு வைக்காதீங்க (எல்லா ஸ்கூல்லயும் இருக்கும்!). வகுப்பறைக் கதவு வெளிப்பக்கமா தொறக்கணும், உள்பக்கமா தொறந்தா எல்லாரும் மொத்தமா தள்ளும்போது கதவு மூடிக்கும்.

சாய்தளம், ராம்ப்னு சொல்றோமே, அதுக்கு ஒரு கணக்குதான், 1 அடி ஏற 12 அடி நீளம். பேஸ்மட்டம் (வெளித்தரையில இருந்து கட்டடத்துத் தரை வரைக்கும் இருக்குற உயரம்) ரெண்டு அடின்னா 24 அடி ராம்ப். எடமில்லன்னு சொல்லி 6 அடியில முடிச்சு விட்டுருவாங்க. அப்படி ஒரு ஊர்ல நான் வேலைக்குச் சேரும் முன்னயே கட்டி வச்சிருந்தாங்க, வீல்சேர் பிள்ளை ஏற முடியல, மத்த பிள்ளைங்க சறுக்கு விளையாண்டுச்சு.

ஸ்டெப் 7: பாத்ரூம்

கட்டிக் குடுக்குறது சுலபம், ஆறு மாசம் கழிச்சு பூட்டாம இருக்கணும். பூட்டுறதுக்கு காரணம் தண்ணிதான். ஓவர்ஹெட் டேங்க்ல இருந்து பாத்ரூமுக்கு உள்ளயே பைப் வரணும், வாளியத் தூக்கிட்டுப் போற மாதிரி இருந்தா முடிஞ்சுது. 40 பிள்ளைக்கு ஒரு கக்கூஸ், மூணு யூரினல்னு மத்திய அரசோட ஸ்வச் வித்யாலயா (சுத்தமான பள்ளி) வழிகாட்டியில இருக்கு, கணக்குப் போட்டுக்கோங்க. பொம்பளப் பிள்ளைங்க பக்கம் உள்தாப்பா, தாவணி துப்பட்டா மாட்ட ஒரு ஆணி, நாப்கின் போட மூடி வச்ச டப்பா, வாசலுக்கு முன்னாடி ஒரு மறைப்புச் சுவரு. வாஷ்பேசின் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு எட்டுதான்னு ஒரு பிள்ளையக் கூட்டிட்டுப் போயி நிக்க வச்சுப் பாருங்க. உறிஞ்சு குழிக்கும் போர் கிணத்துக்கும் நடுவுல 60 அடியாவது இருக்கட்டும்.

ஸ்டெப் 8: வேலை நடக்கும்போது

முதல்ல வகுப்பு எங்க நடக்கும்னு முடிவு பண்ணுங்க, சமுதாயக் கூடமா, கோயில் மண்டபமா, அங்க பாத்ரூம் இருக்கா. சைட்ட சுத்தி தகரம் அடைக்கணும், தோண்டுன குழிய ஒருநாள் ராத்திரி கூட மூடாம விடக்கூடாது. தளம் போட்டதும் பாத்தி கட்டி தண்ணி நிறுத்துறாங்களான்னு பாருங்க, கான்கிரீட் ஈரமா இருந்தாதான் நல்லா இறுகும், சாக்க நனைச்சுப் போட்டுட்டு போயிருவாங்க, கரிசக்காட்டு வெயிலுக்கு அது ஒரு மணி நேரத்துல காஞ்சிரும். ஞாயித்துக்கிழமை தண்ணி ஊத்த யாரும் வரமாட்டாங்க, குழுவுல ரெண்டு பேர் முறை வச்சுக்கோங்க.

மொட்டைமாடி மழைத்தண்ணிய வீணாக்காதீங்க, 1000 சதுர அடி தளத்துல 1 சென்டிமீட்டர் மழை பெஞ்சா கிட்டத்தட்ட 900 லிட்டர் வரும், பாத்ரூம் தொட்டிக்கு இழுத்து விடலாம். அப்புறம் பெயின்ட் அடிக்கிறவர் போறதுக்குள்ள ஒரு சின்ன வேலை வாங்கிருங்க: கதவு தொறக்குற எடத்துல தரையில கால்வட்டம் வரைஞ்சு 0, 30, 60, 90ன்னு எழுதச் சொல்லுங்க, கதவே கோணமானியாயிரும். பில்டிங் ஆஸ் லேர்னிங் எய்ட்னு, கட்டடத்தையே பாடம் கத்துக்குற கருவியாக்குற ஒரு முறை இருக்கு, அதுல வர்ற ஐடியாதான் இது. கடைசியா பண்ணுன ஸ்கூல்ல ஒரு பையன் அந்தக் கதவ 47 டிகிரியில நிறுத்துறேன்னு ஒரு பீரியட் பூரா ஆட்டிட்டே இருந்திருக்கான், கீல் ஆடிப்போச்சுன்னு ஹெச்எம் எனக்கு போன் போட்டாங்க.